ஓடாத கணக்கு டிஸ்க்

அண்ணன்: அதைக் கழட்டுன்னு மட்டும் சொல்லாத மாப்ள. உன் வண்டி ஸ்டீரியோவுல ஸ்குரூவெல்லாம் தேஞ்சே போச்சு.

மாப்பிள்ளை: கழட்ட வேண்டாம் மச்சான்.

அண்ணன்: பின்ன எதுக்கு வண்டியைக் கடை வாசல்ல குறுக்க நிறுத்தியிருக்க? வர்ற ஒண்ணு ரெண்டு பேரும் திரும்பிப் போகவா?

மாப்பிள்ளை: சும்மாதான்... உன்னப் பாத்துட்டுப் போகலாம்னு.

அண்ணன்: டூட்டி நேரத்துல என்னைப் பாக்க வந்தியா? நல்லா இருக்கு. என் தங்கச்சியோட சண்டையா?

மாப்பிள்ளை: சேச்சே.

அண்ணன்: கண்ணு ஏன் செவந்திருக்கு?

மாப்பிள்ளை: ஏசிக் காத்து.

அண்ணன்: உன் வண்டியில ஏசியே வேலை செய்யாதே.

மாப்பிள்ளை: ...அந்த சால்டரிங் கம்பியைக் கீழ வை. கையைச் சுட்டுக்கப் போற. உக்காரு, சொல்றேன்.

அண்ணன்: பரீட்சை ரிசல்ட் வந்துடுச்சா?

மாப்பிள்ளை: காலையிலயே வந்துடுச்சு.

அண்ணன்: சொல்லித் தொலையேன். பாஸா, இல்லையா?

மாப்பிள்ளை: நேரா அங்க வந்துட்டா உனக்குப் புரியாது. டிஸ்க்லேர்ந்து வரணும்.

அண்ணன்: டிஸ்க் கதை எனக்குத் தெரியாததா? உங்க டிராவல்ஸ்ல பத்தாவது முடிச்ச டிரைவருக்குத்தான் இனிமே சூப்பர்வைசர் வேலைன்னு நோட்டீஸ் வந்துச்சு. நாம ரெண்டு பேரும் எட்டாவதோட புத்தகத்தைத் தூக்கிப் போட்டவங்க. உனக்குப் புத்தகத்தை விரிச்சாலே கொட்டாவி வரும். அதனால என் தங்கச்சி பாடத்தையெல்லாம் வாசிச்சு டிஸ்க்ல பதிஞ்சு குடுத்தா, நீ வண்டி ஓட்டிக்கிட்டே கேட்டுப் படிக்கலாம்னு. அது ஓடல. நான் ஓட வச்சேன்.

மாப்பிள்ளை: யாரு, நீயா ஓட வச்ச?

அண்ணன்: பின்ன?

மாப்பிள்ளை: நீ கோளாறு சொன்ன. ஓட வச்சது அவ.

அண்ணன்: கோளாறு கண்டுபிடிக்கறதுதான்யா கஷ்டம். மொதல் டிஸ்க்கைப் போட்டதும் ரெண்டு சுத்து சுத்திட்டு வெளிய துப்பிச்சு. நீ ஸ்டீரியோ செத்துப்போச்சுன்னு இழவு வீட்டுலேர்ந்து வர்ற மாதிரி வந்து நின்ன. நான்தான் சொன்னேன், இது கிழட்டு ஸ்டீரியோ, பாட்டு டிஸ்க்கா எழுதினாத்தான் இதுக்குப் புரியும், கம்ப்யூட்டர் ஃபைலை அப்படியே எழுதிக் குடுத்தா முழிக்கும்னு.

மாப்பிள்ளை: அதை நான் அவகிட்ட போய்ச் சொன்னேன், எனக்கே புரியாம. ஏதோ பாட்டா எழுதணுமாம்னேன்.

அண்ணன்: பாடி வச்சுட்டாளா?

மாப்பிள்ளை: கேளு மச்சான். அவ வேலை பாக்கற ஜெராக்ஸ் கடையில மத்தியானம் கூட்டம் இருக்காதில்ல. உக்காந்து அந்தக் கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணாத் தட்டிப் பாத்திருக்கா. மொதலாளி வந்து என்னம்மா பண்றேன்னு கேட்டாராம். டிஸ்க்ல டேட்டான்னும் எழுதலாம், ஆடியோன்னும் எழுதலாம், எது எப்படின்னு பாக்கறேன் சார்னாளாம். அவரு திட்டப் போறாருன்னு நெனச்சிருக்கா. அவரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு, சரி எனக்கும் காட்டுன்னு உக்காந்துட்டாராம்.

அண்ணன்: அடுத்தது அந்த ஸ்டிக்கரு...

மாப்பிள்ளை: அதைச் சொல்லாத.

அண்ணன்: ஏன் சொல்லக்கூடாது? காகிதத்துல 'அறிவியல், முதல் பாகம்'னு அழகா பிரிண்ட் எடுத்து, பூவெல்லாம் போட்டு, டிஸ்க் மேல ஒட்டிக் குடுத்தா. வெயில்ல நின்ன வண்டி. பசை இளகி, உள்ள போன டிஸ்க் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வெளிய வரமாட்டேன்னு உக்காந்துக்கிச்சு. இடுக்கி போட்டு இழுக்கறதுக்குள்ள எனக்கு அரை நாள் போச்சு.

மாப்பிள்ளை: அப்புறம் மார்க்கர் பேனாவுலதான் எழுதினா. பூவை விட்டுட்டா.

அண்ணன்: மூணாவது டிஸ்க் கம்ப்யூட்டர்ல ஓடுது, கார்ல ஓடல. என்னன்னு பாத்தா, கடைசியில மூடி முடிக்கல. இன்னும் எழுத எடம் இருக்கேன்னு தொறந்தபடியே விட்டிருந்தா. மூடச் சொன்னேன். அப்படியே மெதுவா எழுதவும் சொன்னேன். அவசரமா எழுதினா கிழட்டு லென்ஸுக்குப் படிக்க வராது.

மாப்பிள்ளை: அதையும் போய்ச் சொன்னேன். மெதுவா எழுதினாத்தான் அதுக்குப் படிக்க வருமாம்னு. அப்படியே உங்கள மாதிரியே இருக்கேன்னா.

அண்ணன்: தப்பில்லையே.

மாப்பிள்ளை: சிரி, சிரி. ஆனா அடுத்த டிஸ்க் ஓடிச்சு பாரு... ஸ்டேஷன் வாசல்ல சவாரிக்காகக் காத்துட்டிருந்தேன். போட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. சரி, இதுவும் போச்சுன்னு கையை நீட்டினேன். அப்பதான் தொண்டையைக் கனைச்சா. 'பாடம் ஒண்ணு. இதயம்.' மச்சான், நாலு கதவு ஸ்பீக்கர்லயும் என் பொண்டாட்டி குரல்...

அண்ணன்: என் தங்கச்சி குரல்.

மாப்பிள்ளை: சரி, உன் தங்கச்சி குரல். வீட்டுல 'தண்ணி வந்துடுச்சு, பக்கெட்டை வைங்க'ன்னு கேக்கற குரல் இல்ல இது. ஒவ்வொரு சொல்லையும் தொடைச்சு எடுத்து வைக்கிற மாதிரி. நான் சீட்டுல நேரா உக்காந்துட்டேன்.

அண்ணன்: பயத்துல.

மாப்பிள்ளை: மரியாதையில. சவாரி வந்து ஏறினாங்க, ஒரு வயசான அம்மா. அணைக்கப் போனேன். வேண்டாம், இருக்கட்டும்னாங்க. இறங்கற இடம் வந்தும் இறங்கல. ரத்தம் நுரையீரலுக்குப் போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் உக்காந்திருந்துட்டு, இது எந்த டீச்சர்னு கேட்டாங்க. எங்க வீட்டுலன்னேன்.

அண்ணன்: இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ.

மாப்பிள்ளை: சொன்னா, என் தங்கச்சின்னு நீ ஆரம்பிச்சுடுவ. கொஞ்ச நாள் நானே வச்சுக்கலாம்னு இருந்தேன்.

அண்ணன்: சரி, மேல சொல்லு.

மாப்பிள்ளை: அந்த டிஸ்க்கெல்லாம் கேட்டா நடுவுல கடைச் சத்தமும் வரும். மெஷின் ஓடும். 'ரெண்டு பக்கமும் எடுங்க'ன்னு யாராவது வந்து நிப்பாங்க. உடனே இவ வாசிக்கறதை விட்டுட்டு எந்திரிச்சுப் போவா. நாற்காலி நகர்றது கேக்கும். திரும்பி வந்து, விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிப்பா. இப்படியே போச்சு. அப்புறம் கணக்குப் பாடம் வந்துச்சு...

அண்ணன்: ம்.

மாப்பிள்ளை: அதுல ஒரு இடம். யாரோ ஒரு ஆள் வந்து, 'ஏம்மா, அவசரம்'ங்கறாரு. இவ சொல்றா... 'கொஞ்சம் இருங்க. இந்தக் கணக்கை முடிச்சுக்கறேன்.'

அண்ணன்: உனக்காகத்தானே.

மாப்பிள்ளை: எனக்காகன்னா பாதியில விட்டுட்டு எந்திரிச்சிருப்பா மச்சான். நான் அந்தக் கணக்கை எந்த ஜென்மத்துல போடப் போறேன்னு அவளுக்குத் தெரியாதா? அந்த ஆளை நிக்க வச்சுட்டு, போட்டு முடிச்சா. முடிச்சுட்டு, மைக் இருக்கறதையே மறந்துட்டு, மெதுவா... 'அட, இவ்வளவுதானா'ன்னா. அது எனக்குச் சொன்னது இல்ல. யாருக்கும் சொன்னது இல்ல. நான் வண்டியை ஓரங்கட்டிட்டேன்.

அண்ணன்: அப்புறம்?

மாப்பிள்ளை: வீட்டுக்குப் போய் நீயும் பரீட்சை எழுதுன்னேன். சிரிச்சா. இந்த வயசுல எனக்கெதுக்கு, நீங்க பாஸானா போதும்னா. மறுபடி சொல்லிப் பாத்தேன். பாத்திரம் தேய்க்கற சத்தத்தைக் கூட்டினா. பேசிப் பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு.

அண்ணன்: உனக்கு?

மாப்பிள்ளை: எனக்குத்தான். கணக்கு டிஸ்க் ஓடலன்னு சொல்லிட்டேன்.

அண்ணன்: ஓடலதானே. எங்கிட்ட கொண்டு வந்து குடுத்தியே.

மாப்பிள்ளை: ஓடுச்சு மச்சான்.

அண்ணன்: ஓடுச்சா?

மாப்பிள்ளை: வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. ஆனா ஓடலன்னு சொன்னாத்தான் அவ முழுசா மறுபடி வாசிச்சாகணும். வாசிக்க வாசிக்க மனசுல ஏறிடும். எனக்காகன்னா எத்தனை தடவை வேணும்னாலும் வாசிப்பா. அவளுக்காகன்னா ஒரு தடவை உக்கார மாட்டா. அதான்... 

அண்ணன்: அப்போ எங்கிட்ட எதுக்குக் கொண்டு வந்த?

மாப்பிள்ளை: அவதான் அனுப்பினா. அண்ணன் பாத்து என்ன கோளாறுன்னு சொல்லிடும்னா. போச்சு, மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன். நீ போட்டுப் பாப்ப, அது ஓடும், நேரா அவகிட்ட சொல்லிடுவ. பயந்துகிட்டேதான் குடுத்துட்டுப் போனேன். சாயங்காலம் வந்து கேட்டா... நீ என்ன சொன்ன?

அண்ணன்: என்ன சொன்னேன்?

மாப்பிள்ளை: 'ஆமா மாப்ள, ஓடல. டிஸ்க்லதான் கோளாறு. இங்கயே கெடக்கட்டும், வேற எழுதச் சொல்லு'ன்ன.

அண்ணன்: அப்படியா சொன்னேன்?

மாப்பிள்ளை: அன்னிலேர்ந்து எனக்கு மண்டை குடையுது. என் வண்டியில நல்லா ஓடற டிஸ்க், ஊர்ல இருக்கற ஸ்டீரியோவையெல்லாம் சரி பண்ற உன் கடையில எப்படி ஓடாமப் போச்சு?

அண்ணன்: தூசியா இருக்கும். லென்ஸுல தூசி.

மாப்பிள்ளை: மச்சான்.

அண்ணன்: மழை நேரத்துல ஈரம்கூட...

மாப்பிள்ளை: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

அண்ணன்: நீ மொதல்ல ரிசல்ட்டைச் சொல்லு. அப்புறம் நான் சொல்றேன்.

மாப்பிள்ளை: நான் கணக்குல அவுட்டு.

அண்ணன்: அடப்பாவி.

மாப்பிள்ளை: மத்ததெல்லாம் பாஸு. கணக்குப் பரீட்சை அன்னிக்கே தெரியும். பாதியிலேயே எந்திரிச்சு வந்து மரத்தடியில உக்காந்துட்டேன். மணி அடிச்சு எல்லாப் பிள்ளைங்களும் வெளிய வந்தாச்சு, கூட எழுத வந்த இவளக் காணோம். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். பேப்பர் வாங்கற சார் கையை நீட்டிக்கிட்டுப் பக்கத்துல நிக்கறாரு. இவ தலையே தூக்கல. 

அண்ணன்: அவ ரிசல்ட்டு?

மாப்பிள்ளை: ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்லதான் பாத்தோம். மொதல்ல என் நம்பரை அடிச்சா. என்னைத் தேத்தினா. பரவாயில்ல, ஒண்ணுதானே, அடுத்த தடவை எழுதிடலாம்னா. அவ நம்பரை அடிக்க அவளுக்குக் கை வரல. நான்தான் அடிச்சேன்.

அண்ணன்: இழுக்காத.

மாப்பிள்ளை: எல்லாத்துலயும் பாஸு.

அண்ணன்: எல்லாத்துலயுமா?

மாப்பிள்ளை: கணக்குல தொண்ணூத்தி நாலு.

அண்ணன்: இரு.

மாப்பிள்ளை: என்ன, உனக்கும் காத்துப் பட்டுடுச்சா?

அண்ணன்: வாயை மூடு. இன்னொரு தடவை சொல்லு.

மாப்பிள்ளை: தொண்ணூத்தி நாலு. அவளே நம்பல. இது வேற யாரோடதோன்னு நம்பரை மறுபடி அடிக்கச் சொன்னா. கடையில காப்பி எடுக்க வந்தவங்க எல்லாம் கழுத்தை நீட்டிப் பாக்கறாங்க. முன்னாடி நின்ன ஒரு ஆள் கையில கட்டுக் காகிதம், பாவம், என்ன அவசரமோ. அவரு சொல்றாரு, 'என்னோடது கெடக்கட்டும், நீங்க மொதல்ல இதைக் காப்பி எடுங்கம்மா'ன்னு.

அண்ணன்: எங்க வீட்டுலேயே பத்தாவது தாண்டினது அவதான் மாப்ள. எங்கப்பா, சித்தப்பா, நான்... ஒருத்தரும் இல்ல.

மாப்பிள்ளை: எங்க வீட்டுலயும்தான். அதான் சவாரியை டாக்டர்கிட்ட இறக்கி விட்டுட்டு நேரா இங்க வந்தேன். யார்கிட்டயாவது சொல்லணும். சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சுடும்.

அண்ணன்: பெயிலாயிட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்கற ஒரே ஆள் நீதான்யா.

மாப்பிள்ளை: என் வீட்டுல தொண்ணூத்தி நாலு இருக்கு. நான் ஏன் தூக்கி விட்டுக்கக்கூடாது? இப்ப நீ சொல்லு. டிஸ்க் ஏன் ஓடல?

அண்ணன்: ...அந்த பெஞ்சு மேல இருக்கற ஸ்டீரியோவுல பட்டனை அமுக்கு.

மாப்பிள்ளை: எது, வயரெல்லாம் வெளிய தொங்குதே, அதா?

அண்ணன்: அதேதான். கொஞ்சம் பொறு, சுத்தணும்... கேக்குதா?

மாப்பிள்ளை: இது... அவ குரல். இது அந்தக் கணக்கு டிஸ்க்கு.

அண்ணன்: நீ குடுத்துட்டுப் போனதும் போட்டேன். ஓடுச்சு. நிறுத்தலாம்னா மனசு வரல. அந்த நேரம் பாத்து ஒருத்தர் வண்டியை எடுக்க வந்தாரு. ஸ்பீக்கர் சரியா இருக்கா, எதையாவது போட்டுக் காட்டுன்னாரு. கையில இதுதான் இருந்துச்சு. போட்டேன். ஒரு கணக்கு முழுசாக் கேட்டுட்டு, குரல் சுத்தமா வருதே, யாரு இதுன்னாரு. என் தங்கச்சின்னேன். அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே... அன்னிலேர்ந்து இந்தக் கடைக்கு வர்ற எந்த வண்டியும் அவ குரலைக் கேக்காம வெளிய போனதில்ல. லாரிக்காரனுக்கும் அதேதான்.

மாப்பிள்ளை: அதுக்காக ஓடலன்னு சொல்லிட்டியா?

அண்ணன்: ஓடுதுன்னா நீ திருப்பிக் கேப்பியே.

மாப்பிள்ளை: அடப் பாவி மச்சான்.

தங்கை: ஏன்ணே, இதைக் கொஞ்சம் சின்னதா வைக்கக் கூடாதா? தெருமுனை வரைக்கும் நான் கணக்குப் போடறது கேக்குது.

மாப்பிள்ளை: நீ... எப்ப வந்த?

தங்கை: 'மனசுல ஏறிடும்'னு சொல்லிட்டிருந்தீங்களே, அப்பவே. உங்க வண்டி குறுக்க நிக்குது, அதுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன். மொதலாளி சீக்கிரம் போகச் சொல்லிட்டாரு. அண்ணன்கிட்ட நானே சொல்லணும்னு ஓடி வந்தா, எனக்கு முன்னாடி இவரு.

அண்ணன்: வா பாப்பா, வா... இரு, ஸ்டூல்ல வயரு கெடக்கு, எடுக்கறேன். இப்ப உக்காரு.

தங்கை: என்னண்ணே, என்னிக்கும் இல்லாத மரியாதை?

அண்ணன்: தொண்ணூத்தி நாலு வாங்கினவங்களை நிக்க வைக்கலாமா?

மாப்பிள்ளை: கோவமா உனக்கு? டிஸ்க் ஓடலன்னு பொய் சொன்னதுக்கு...

தங்கை: அது எனக்குத் தெரியுங்க.

மாப்பிள்ளை: இப்ப வெளிய நின்னு கேட்டதைச் சொல்றியா?

தங்கை: இல்ல. ரெண்டாவது தடவை வாசிச்சுக் குடுத்ததை நடுநடுவுல விக்குதுன்னு திருப்பித் தந்தீங்கல்ல. எங்க மொதலாளி காரு உங்க வண்டியவிடக் கிழடு. அதுல போட்டுப் பாத்தேன். ஒரு விக்கலும் இல்ல.

மாப்பிள்ளை: சரி... அதுக்கப்புறம் மூணாவதா ஒண்ணு குடுத்தியே.

தங்கை: அதே டிஸ்க்தான். உறையை மட்டும் மாத்தினேன்.

அண்ணன்: அதைப் போட்டுட்டு என்ன சொன்னாரு?

தங்கை: இதுவும் அங்கங்க விக்குதுன்னாரு.

அண்ணன்: மாப்ள... நீ கணக்குல மட்டும் பெயிலில்ல.

மாப்பிள்ளை: நீ சும்மா இரு மச்சான். ஏம்மா, அப்போ நீ மூணாவது தடவை வாசிக்கவே இல்லையா? ஒரு நாள் மத்தியானம் கடைப் பக்கம் வந்தேன். கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தேனே. வாசிச்சுட்டுத்தான் இருந்த.

தங்கை: வாசிச்சேன். மைக்கைத்தான் போடல.

மாப்பிள்ளை: அப்போ யாருக்கு வாசிச்ச?

தங்கை: எனக்குத்தான்.

அண்ணன்: கேட்டுக்க.

மாப்பிள்ளை: எப்படியோ, சரின்னு சொல்ல வச்சது நான்தான். நானே விண்ணப்பம் போட்டுக்கறேன்னு நீ சொன்ன அன்னிக்கு மலையைப் புரட்டின மாதிரி இருந்துச்சு எனக்கு. இப்ப என்ன, எனக்கு ஒரு பாடம்தான் பாக்கி. ஆபீசுக்குப் போய் மேனேஜர்கிட்ட பேசிடறேன். அந்த சூப்பர்வைசர் வேலைக்கு இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, கணக்கையும் முடிச்சுட்டு வந்துடறேன்னு.

தங்கை: கேக்காதீங்க.

மாப்பிள்ளை: ஏன்? பாஸாகாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறதுன்னுதான் இத்தனை நாள் வாயைத் தொறக்கல. இன்னிக்குத் தைரியம் வந்திருக்கு.

தங்கை: வேண்டாங்க. அந்த நோட்டீஸ்...

மாப்பிள்ளை: உங்க கடைக்குத்தானே காப்பி எடுக்க வந்துச்சு. நீதானே பாத்துட்டு வந்து சொன்ன.

தங்கை: சொன்னேன்.

அண்ணன்: பாப்பா... என்ன முழுங்கற?

தங்கை: அப்படி ஒரு நோட்டீஸ் வரவே இல்லண்ணே.

மாப்பிள்ளை: வரவே இல்லையா? அப்போ நான் எதுக்கு இதயத்துல எத்தனை அறைன்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு ரோடு ரோடா சுத்தினேன்?

தங்கை: நீங்க எழுதறேன்னு சொல்றதுக்கு முன்னாடியே நான் விண்ணப்பம் போட்டுட்டேங்க. போட்டுட்டு வந்தப்புறம்தான் பயமே வந்துச்சு. அத்தனை சின்னப் பிள்ளைங்க நடுவுல தனியாப் போய் உக்காரணுமேன்னு தூக்கம் வரல. நீங்களும் அதே கட்டடத்துல, எங்கயாவது ஒரு பெஞ்சுல முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா... நானும் உக்காந்து எழுதிடுவேன்னு தோணுச்சு.